குழிக்குள் ஒரு சிரிப்பு: முதல் உலகப் போரின் பதுங்குகுழி நகைச்சுவையும் கேலிச்சித்திரங்களும்



முதலில் ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இருட்டு. வானமெங்கும் குண்டுகள் வெடிக்கின்றன. நடுவே, முன்பே ஒரு குண்டு விழுந்து உண்டான பள்ளம். அதற்குள் இரண்டு சிப்பாய்கள் மார்பளவு பதுங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஏதோ முணுமுணுத்திருக்கிறான் போலும். மற்றவர் கடற்சிங்கம் போன்ற தொங்கு மீசைக்காரர். எரிச்சலோடு அவனைத் திரும்பிப் பார்க்கிறார். படத்தின் கீழே அவருடைய பதில்: இதைவிட நல்ல குழி உனக்குத் தெரிந்தால், தாராளமாக அங்கே போய்க்கொள்.

அவ்வளவுதான் படம். 1915ஆம் ஆண்டின் இறுதியில் ‘பைஸ்டாண்டர்’ என்னும் இலண்டன் வார இதழில் வெளியானது. முதல் உலகப் போரில் வரையப்பட்ட கேலிச்சித்திரங்களில் ஆகப் புகழ்பெற்றவற்றில் இதுவும் ஒன்று.

இதுபோன்ற ஒரு படத்தைக் கொடுத்து, “இதிலிருந்து நீங்கள் என்ன அறிகிறீர்கள்?” என்று கேட்டால் மாணவர் பலர் எழுதக்கூடிய விடை இது: “போர்வீரர்கள் பதுங்குகுழியில் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.” சிரிப்பு வந்தால் மகிழ்ச்சி என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. எங்கே தவறுகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வரலாற்றுப் பாடத்தில் மூல ஆதாரக் கேள்விக்கு விடை எழுதுவோருக்கும், தமிழ்ப் பாடத்தில் படத்தைப் பார்த்துக் கருத்துரைப்போருக்கும் இது பயன்படும்.

1. குழி என்றால் எப்படிப்பட்ட குழி?

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது, கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் மேற்குப் போர்முனை அசையாமல் நின்றுவிட்டது. எந்திரத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் எதிரே மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாது. இரு தரப்பும் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கின. வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரைக்கும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்குகுழிகள் நீண்டன. இரு தரப்புக்கும் நடுவில் இருந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். சில இடங்களில் அதன் அகலம் 100 மீட்டர்கூட இல்லை.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றிய பகுதியில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். முழங்கால் வரை சேறு, சட்டை மடிப்பில் பேன், இரவெல்லாம் எலி. ஈரக் காலணிக்குள் நாள்கணக்கில் ஊறிய பாதம் அழுகிப்போகும். சாப்பாடு என்றால் டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, பல் உடையும் பிஸ்கட், பிளம்ஸும் ஆப்பிளும் கலந்த ஜாம். திரும்பத் திரும்ப அதே ஜாம்.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். “இதைவிட நல்ல குழி” என்ற சொற்கள் இப்போது வேறு மாதிரி கேட்கின்றன, இல்லையா? நல்ல குழி எங்குமே இல்லை. கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். போக வேறு இடம் இல்லை என்ற உண்மையை நேராகச் சொன்னால் அது ஒப்பாரி. தலைகீழாகச் சொன்னதால் அது நகைச்சுவை.

2. வரைந்தவர் யார்?

புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர், 1887இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மர்ரி மலைநகரில் (இன்றைய பாகிஸ்தான்) ஓர் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனார். போருக்கு முன் மின்விளக்கு அமைக்கும் வேலை பார்த்தார். போர் வந்ததும் ராயல் வாரிக்‌ஷயர் படைப்பிரிவில் எந்திரத் துப்பாக்கி அதிகாரியாகப் போர்முனைக்குச் சென்றார். 1914 கிறிஸ்துமஸ் அன்று இரு தரப்புச் சிப்பாய்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடுநிலத்தில் சந்தித்துக்கொண்டார்களே, அந்தச் சந்திப்பில் இவரும் இருந்தார்.

தாம் தங்கியிருந்த இடிந்த வீட்டின் சுவர்களில் சும்மா கிறுக்க ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு படத்தைப் ‘பைஸ்டாண்டர்’ இதழுக்கு அனுப்பினார். பாழடைந்த வீடு ஒன்றில் சிப்பாய்கள் பதறிப்போய், இப்போது வந்த குண்டு எங்கே விழுந்தது என்று கேட்கும் காட்சி அது. 1915 மார்ச்சில் வெளியானது. அடுத்த மாதமே, இரண்டாம் ஈப்பர் போரில் குண்டுவெடிப்பில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். செவித்திறனும் பாதிக்கப்பட்டது. இதழ் அவரிடம் தொடர்ந்து படம் கேட்டது. ‘பிரான்சிலிருந்து துண்டுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவை தொகுதி தொகுதியாக வெளிவந்து அமோகமாக விற்றன.

அந்தத் தொங்குமீசைக்காரர்தான் ‘ஓல்ட் பில்’. நம் பேச்சில் சொன்னால் பில் தாத்தா. வயதானவர், வாயில் பைப், தலையில் கம்பளிக் குல்லா. வீரதீரம் எதுவும் பேசமாட்டார். பதக்கம் வாங்கும் ஆசையும் இல்லை. சிடுசிடுப்பார், முனகுவார், ஆனால் இடத்தை விட்டு ஓடமாட்டார். ஊரில் இருந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம் வீரர்களை இப்படி அழுக்கு மூட்டைகளாகக் காட்டலாமா என்று குறைபட்டார்கள். குழிக்குள் இருந்தவர்களோ படத்தை இதழிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். “இது நம்ம ஆளு” என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. பிறகு இராணுவமே இவருடைய பயனைப் புரிந்துகொண்டது. நேச நாட்டுப் படைகளையும் போய்ப் பார்த்து வரையும்படி அவரை அனுப்பியது.

இந்தத் திருப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் குறை கூறப்பட்ட நகைச்சுவை, பிறகு அரசுக்கே பயன்பட்டது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

3. நான்கு படங்கள், தொல்காப்பியர் தந்த நான்கு காரணங்கள்

தமிழாசிரியர்களுக்கு இங்கே கைவசம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியம், மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நகையைச் சொல்லி, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஐரோப்பியப் போர்க்களத்துப் படங்களை இதை வைத்து அலச முடியுமா? முடியும். செய்து பார்ப்போம்.

எள்ளல்: பிறரை நாம் கேலி செய்வதும் எள்ளல்தான், பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாம் சிரிப்பதும் எள்ளலில் அடங்கும் என்று உரையாசிரியர் விரித்துச் சொல்கிறார். ‘நல்ல குழி’ படத்தில் பில் தாத்தா கூட இருப்பவனை எள்ளுகிறார். கூடவே தம் நிலைமையையும் எள்ளுகிறார்.

இளமை: இங்கே பிள்ளைத்தனம் என்று பொருள். இன்னொரு படத்தில் ஜாம் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதுதான் ஸ்ட்ராபெரி வரும் என்று ஏக்கத்தோடு கேட்கிறார்கள். தலைக்கு மேல் சாவு பறக்கிறது. இவர்களுக்குக் கவலை ஜாமின் சுவையைப் பற்றி! பள்ளிக்கூடத்துப் பிள்ளை உணவுப்பெட்டியைத் திறந்து, “இன்னைக்கும் அதே சாப்பாடா?” என்று முகம் சுளிப்பது போல.

பேதைமை: அறியாமை. சுவரில் ஒரு மாபெரும் ஓட்டை. பீரங்கிக் குண்டு துளைத்தது என்று குருடனுக்கும் தெரியும். புதிதாக வந்த இளைஞன் வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் கேட்கிறான். நம் பேச்சுவழக்கில் சொன்னால், “யாருண்ணே இந்த ஓட்டையைப் போட்டது?” சலித்துப்போன மூத்தவரின் பதில் ஒரே சொல்: எலி.

மடன்: இதற்கு, சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரையாசிரியர் விளக்கம் தருகிறார். 1915 செப்டம்பரில் நடந்த லூஸ் போரின் உச்சகட்டம். சுற்றிலும் குண்டுகள். ஒரு கர்னலுக்குத் தலைமையகத்திலிருந்து அவசரத் தகவல் வருகிறது. என்ன அவசரம்? போன வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ராஸ்பெரி ஜாம் டின்கள் எத்தனை என்று உடனே தெரிவிக்கவும். விதிப்புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அலுவலகத்தின் மடன் இது. ஆசிரியர்களே, மதிப்பெண் பதிவேடும் புள்ளிவிவரப் படிவமும் குவிந்து கிடக்கும் மேசையில் உட்கார்ந்து படிக்கும்போது இந்தப் படம் உங்களுக்கும் கொஞ்சம் புரிந்திருக்கும்.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதிரியான ஜெர்மானியச் சிப்பாய் எங்கேயும் இல்லை. சேறு, ஜாம், குண்டு, மேலிடம், ஊரில் இருப்பவர்களின் அறியாமை ஆகியவைதான் கேலிக்கு இலக்கு. அதே காலத்தில் ஊரில் அச்சான பிரசாரச் சுவரொட்டிகளில் எதிரியை அரக்கனாகவும் மிருகமாகவும் வரைந்தார்கள். தொலைவில் இருந்தவர்களுக்கு எதிரி அரக்கன். எதிர்க்குழியில் அதே மழையில் நனைந்துகொண்டிருந்தவர்களுக்கு அவனும் ஈரக் காலணி போட்ட ஒரு மனிதன். ஆதாரங்களை ஒப்பிடும் கேள்வி வந்தால் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

4. இடிபாட்டில் கிடைத்த அச்சு இயந்திரம்

படத்தோடு நிற்கவில்லை. குழிக்குள் பத்திரிகையும் நடத்தினார்கள்.

1916இன் தொடக்கத்தில், குண்டு விழுந்து நொறுங்கிய ஈப்பர் நகரில் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப்பிரிவின் 12ஆம் பட்டாளத்தினருக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. பட்டாளத்தில் அச்சுத்தொழில் தெரிந்த சார்ஜண்ட் ஒருவர் இருந்தார். கேப்டன் பிரெட் ரொபர்ட்ஸ் ஆசிரியர், லெப்டினன்ட் ஜேக் பியர்சன் துணையாசிரியர். 1916 பிப்ரவரி 12ஆம் தேதியிட்ட முதல் இதழ் வெளிவந்தது. அச்சடித்தது வெறும் 100 படிகள். எழுத்துகள் போதாததால் ஒரு பக்கத்தை அடித்து முடித்து, எழுத்தைக் கலைத்த பிறகுதான் அடுத்த பக்கம் கோக்க முடிந்தது.

பெயர்? ‘வைப்பர்ஸ் டைம்ஸ்’. ஈப்பர் என்ற பெயர் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் நுழையவில்லை. அதை ‘வைப்பர்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். தவறான உச்சரிப்பையே தலைப்பாக்கியது முதல் நகைச்சுவை. படைப்பிரிவு இடம் மாறும்போதெல்லாம் இதழும் பெயர் மாறியது. போர் முடிந்த 1918இல் கடைசியாக வைத்த பெயர் ‘நல்ல காலம்’ என்று பொருள் தருவது.

உள்ளே பெரும்பகுதி போலி விளம்பரங்கள். இரத்த ஆறு ஓடிய அறுபதாம் எண் குன்றில் வீட்டு மனை விற்பனை என்று ஒரு விளம்பரம். இடிந்த கட்டடத்தில் இன்று நாடகம் என்று இன்னொன்று. என்னைக் கேட்டால் ஆகச் சிறந்தது, நோய் தீர்க்கும் விளம்பரம் போல எழுதப்பட்ட ஒன்று. ‘நன்னம்பிக்கை’ என்னும் நோய் உங்களைப் பிடித்திருக்கிறதா? காலையில் எழும்போது போர் நமக்குச் சாதகமாகப் போகிறது என்று தோன்றுகிறதா? 12 மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்புகிறீர்களா? தலைவர்கள் திறமைசாலிகள் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் எங்களிடம் வாருங்கள். இரண்டே நாளில் குணமாக்கிவிடுகிறோம்!

இதை வேறு வடிவில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “எங்கள் தலைவர்களுக்குத் திறமை இல்லை” என்று ஓர் அதிகாரி கட்டுரை எழுதியிருந்தால் இராணுவ விசாரணைதான். மருந்து விளம்பரத்தின் சட்டையை மாட்டிவிட்டதால் தப்பியது. ரொபர்ட்ஸும் பியர்சனும் கோழைகள் அல்லர்; இருவரும் போர்க்களத்தில் வீரப்பதக்கம் பெற்றவர்கள். அதனால்தான் அந்தக் கேலிக்கு எடை அதிகம்.

ஊர்ப் பத்திரிகையின் போர்ச் செய்தியாளர்களையும் விடவில்லை. வில்லியம் பீச் தாமஸ் என்ற பிரபல செய்தியாளரின் பெயரில் முதல் எழுத்துகளை இடம் மாற்றி ‘டீச் போமாஸ்’ ஆக்கி, அவருடைய பகட்டு நடையைப் போலச் செய்து எழுதினார்கள். போரைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு அழகுத்தமிழில் வருணிப்பவர்களைப் பார்த்து நாம் என்ன சொல்வோமோ, அதையேதான் அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

சங்க இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே ஔவையார் நினைவுக்கு வரவேண்டும். புறநானூறு 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவையார் புகழ்கிறார்: இங்கே ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டி மின்னுகின்றன; அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. கேட்டால் புகழ்ச்சி, உள்ளே பார்த்தால் பழிப்பு. அதிகாரத்தின் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் இந்த வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

5. தணிக்கையும் மிளகும்

பிரான்சிலும் இப்படித்தான். கிளெமென்சோ நடத்திய ‘சுதந்திர மனிதன்’ என்னும் நாளிதழைத் தணிக்கை அதிகாரிகள் நெருக்கியபோது, அவர் அதன் பெயரைச் ‘சங்கிலியிட்ட மனிதன்’ என்று மாற்றினார். 1915 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஒரு நையாண்டி இதழ் அதையே பிடித்துக்கொண்டு தனக்குச் ‘சங்கிலியிட்ட வாத்து’ என்று பெயர் வைத்தது. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் வாத்து என்றால் பொய்ச்செய்தி, மட்டமான பத்திரிகை என்றும் பொருள் உண்டு. அந்த ‘கனார் ஆன்ஷெனே’ இன்றும் வெளிவருகிறது.

அதே மேற்குப் போர்முனையில் 1914 இலையுதிர் காலம் முதல் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபியர், கார்வாலியர், கூர்க்காக்கள், பத்தான்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். எனவே சிலர் சங்கேதமாக எழுதினார்கள். கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகாயைப் போடுகிறார்கள் என்ற மாதிரி. கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். சமையல் பொருள் கணக்குப் போலத் தோன்றும் வரியில் செத்தவர்களின் கணக்கு இருக்கிறது. நம் இலக்கணத்தில் இதைப் பிறிதுமொழிதல் என்ற அணியோடு ஒப்பிட்டு வகுப்பில் விளக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. தணிக்கை அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். அவர்கள் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்கு நாம் அதைப் படிக்க முடிகிறது.

6. பெயர் வைப்பதும் ஒரு சிரிப்பே

வெடிக்கும்போது கரும்புகை கக்கிய பெரிய ஜெர்மன் குண்டுக்கு, அப்போதைய உலகக் குத்துச்சண்டை வாகையரான கறுப்பின அமெரிக்கர் ஜாக் ஜான்சனின் பெயரை வைத்தார்கள். ஜாம் டின்னையே வெடிகுண்டாக மாற்றி எறிந்தார்கள். சேற்று வாய்க்கால்களுக்கு இலண்டனின் பகட்டான வீதிகளின் பெயரைப் பலகையில் எழுதி நட்டார்கள்.

இங்கிலாந்தை அவர்கள் ‘பிளைட்டி’ என்று அழைத்தார்கள். இது இந்தியாவிலிருந்து போன சொல். இந்துஸ்தானியில் ‘விலாயத்தி’ என்றால் அயல்நாட்டு, ஐரோப்பிய என்று பொருள். நாம் ‘சீமைத்துணி’, ‘சீமைச்சரக்கு’ என்கிறோமே, அந்தச் ‘சீமை’ போல. ‘பிளைட்டி காயம்’ என்றால் என்ன தெரியுமா? உயிரும் போகக்கூடாது, உறுப்பும் ஊனமாகக்கூடாது, ஆனால் ஊருக்கு அனுப்பும் அளவுக்குக் காயம் படவேண்டும். அப்படி ஒரு காயம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். குண்டடி படுவதை அதிர்ஷ்டம் என்று ஒரு கூட்டம் மனிதர்கள் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் இருந்த இடம் எப்படிப்பட்டது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

7. அடுத்த போர், அடுத்த பென்சில்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் பில் மோல்டின் இந்த வேலையைத் தொடர்ந்தார். 1921இல் நியூ மெக்சிகோவில் பிறந்தவர். சிசிலியிலும் இத்தாலியிலும் காலாட்படையோடு இருந்து வரைந்தார். வில்லி, ஜோ என்ற இரண்டு சவரம் செய்யாத, தூக்கம் காணாத சிப்பாய்கள் அவருடைய பாத்திரங்கள். ஒரு படத்தில், அச்சு முறிந்த ஜீப்பின் எதிரே ஒரு படைவீரர் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மறுகையால் துப்பாக்கியை நீட்டுகிறார். கால் முறிந்த குதிரையைச் சுட்டுக்கொல்லும் குதிரைப்படை வழக்கம் ஜீப்புக்கும் போய்விட்டது! இன்னொரு படத்தில் மலைக்காட்சியை இரண்டு அதிகாரிகள் இரசிக்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு காட்சி இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார்.

ஜெனரல் பேட்டனுக்குக் கோபம். இப்படி அழுக்கான சிப்பாய்களைக் காட்டினால் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று 1945இல் மோல்டினை நேரில் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆனால் தலைமைத் தளபதி ஐசனாவரின் தரப்பு மோல்டினைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு, 23 வயதில், அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

8. எதிர்ப்பா, ஆறுதலா?

இப்போது முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். இந்த நகைச்சுவை போரை எதிர்த்ததா, போர் தொடர உதவியதா?

ஒரு பக்கம், இது குறைகளை வெளிப்படையாகக் காட்டியது. மேலிடத்தின் மடமையையும் ஊர்ப் பத்திரிகைகளின் பொய்யையும் போட்டு உடைத்தது. மறுபக்கம், கொதிக்கும் குக்கரில் ஆவி போக விசில் இருப்பது போல, கோபம் சிரிப்பாக வெளியேறியது. சிரித்து முடித்தவன் மறுபடியும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவலுக்குப் போனான். பில் தாத்தா குழியைத் திட்டினார். குழியை விட்டுப் போகவில்லை. இராணுவம் பேர்ன்ஸ்ஃபாதரைப் பயன்படுத்திக்கொண்ட காரணம் இதுதான்.

ஆகவே இரண்டும் உண்மை. விடை எழுதும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்க வேண்டாம். குறைகூறல் எங்கே, ஆறுதல் எங்கே என்று படத்திலிருந்தே சான்று காட்டி எழுதுங்கள்.

9. தேர்வு மேசையில் செய்ய வேண்டியவை

முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பட்டியலிடுங்கள்: யார், எங்கே, எந்த நிலையில், என்ன எழுதப்பட்டுள்ளது. பிறகு யார் வரைந்தார், எப்போது, எந்த இதழில் என்று பாருங்கள். களத்தில் இருந்தவரா, ஊரில் இருந்தவரா என்பதே விடையைப் பாதி மாற்றிவிடும். அடுத்து, கேலியின் இலக்கு யார் என்று கேளுங்கள். அதன்பின், சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தொல்காப்பியரின் நான்கில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். கடைசியாக, படம் எதைக் காட்டவில்லை என்று யோசியுங்கள். பேர்ன்ஸ்ஃபாதரின் குழிகளில் பிணங்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. உண்மையான குழிகளில் அவை இருந்தன. அச்சில் வர வேண்டும், ஊரில் தாய்மார்கள் பார்ப்பார்கள் என்ற எல்லைக்குள்தான் அந்தச் சிரிப்பு இயங்கியது.

மாதிரி விடைப் பத்தி ஒன்று:

“இப்படத்தில் இரண்டு சிப்பாய்கள் குண்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் பதுங்கியுள்ளனர். இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே செல்லும்படி ஒருவர் கூறுவது, பாதுகாப்பான இடம் எதுவும் இல்லை என்பதை எதிர்மறையாக உணர்த்துகிறது. எனவே, சிப்பாய்கள் மகிழ்ச்சியாக இருந்தனர் என்று கொள்ள முடியாது. தப்ப வழியற்ற நிலையை நகைச்சுவையால் தாங்கிக்கொண்டனர் என்றே ஊகிக்கலாம். வரைந்தவர் போர்முனையில் பணியாற்றியவர் என்பதால் வாழ்க்கைச் சூழல் பற்றிய இச்சித்திரிப்பு நம்பத்தக்கது. எனினும், பொதுமக்கள் படிக்கும் இதழில் வெளிவந்ததால் சாவின் கொடுமை முழுமையாகக் காட்டப்படவில்லை.”

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பில் தாத்தா ‘ஹோல்’ என்பதை ‘ஓல்’ என்றுதான் உச்சரிப்பார். உழைக்கும் மக்களின் பேச்சு அது. பாத்திரம் பேசும்போது பேச்சுவழக்கு உயிர் தரும். நீங்கள் தமிழில் துணுக்கு எழுதினால் அங்கே “தெரிஞ்சா போய்க்கோயேன்” என்று எழுதலாம். ஆனால் விளக்கம் எழுதும் பத்தியில் எழுத்துவழக்கே வேண்டும். மேலே உள்ள மாதிரி விடையில் அதைக் கவனித்திருப்பீர்கள்.

10. பென்சில் யார் கையில் இருந்தது?

இறுதியாக ஒன்று. இந்தக் கட்டுரையில் வந்தவர்களில் பலர் அதிகாரிகள், படித்தவர்கள், கையில் பென்சிலும் காகிதமும் இருந்தவர்கள். அவர்களுடைய சிரிப்பு அச்சில் ஏறியது, தங்கியது.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ரோனல்ட் சேர்ல், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். சாங்கியிலும் சயாம் இரயில் பாதையிலும் இருந்தபடி திருட்டுத்தனமாக வரைந்தார். காவலர்கள் கிட்டே வரப் பயப்படும் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் படங்களை ஒளித்து வைத்தார். ஏறத்தாழ 300 படங்கள் தப்பின. இன்று அவை இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதே இரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள், பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களும் தங்களுக்குள் கிண்டல் பேசியிருப்பார்கள். பேசாமல் மனிதனால் அப்படி ஓர் இடத்தில் ஒரு நாளைக்கூடக் கடத்த முடியாது. ஆனால் அவர்கள் கையில் பென்சில் இல்லை. ஜப்பானியர் அச்சடித்த நோட்டுக்கு மக்கள் வைத்த ‘வாழைமர நோட்டு’ என்ற பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. அதைப் போல வேறு என்னென்ன பெயர்கள், என்னென்ன துணுக்குகள் இருந்தனவோ, அவற்றில் பெரும்பகுதி சொன்னவர்களோடு போய்விட்டது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை முடிக்கும்போது மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், ஜப்பான் காலத்தைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொல்லிச் சிரித்த ஏதாவது ஒன்று நினைவிருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வரச் சொல்லுங்கள். பெயர், ஊர், சொன்ன தேதி மூன்றையும் கீழே குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் அதை மேலே சொன்ன ஐந்து படிகளின்படி அலசுங்கள். தேர்வுக்கும் பயிற்சியாகும், இதுவரை யாரும் எழுதி வைக்காத ஒரு சிரிப்பு காகிதத்திலும் ஏறும்.